இரண்டு மந்திரி பெசார், ஒரே நாற்காலி: பதவித் தவணை எப்போது தொடங்குகிறது?

தவணை என்ற சொல்லை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நம்மில் பாதிப் பேர் கடைக்காரர்கள். சரக்கு எடுத்தாலும் தவணை, கொடுத்தாலும் தவணை. முப்பது நாள் என்று ரசீதில் எழுதியிருக்கும். எந்தத் தேதியிலிருந்து முப்பது நாள் என்று எழுதியிருக்காவிட்டால் கடைசியில் வாய்ச்சண்டைதான். இந்த நாட்டுத் தமிழில் ஒருவர் பதவியில் இருக்கும் காலத்தையும் தவணை என்றே சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது பொருத்தமே. கடனைப் போலப் பதவியும் கைமாறிக் கொடுக்க வேண்டிய பொருள்தான்.

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனைப் பற்றியது. தவணையோடு எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வது. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் ஒரு கடன் பத்திரம் வழக்குக்கு வந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அதில் தவணை 'ஷஅபான்' என்று மட்டும் இருந்தது. போன ஷஅபானா, இந்த ஷஅபானா, வருகிற ஷஅபானா என்பது யாருக்கும் விளங்கவில்லை. ஆண்டுக்கு ஓர் எண் வேண்டும் என்ற யோசனை அதிலிருந்து எழுந்து, ஹிஜ்ரத்தை வைத்து ஆண்டுக் கணக்கு பிறந்தது. ஹிஜ்ரத் நடந்ததோ ரபீஉல் அவ்வல் மாதத்தில். ஆண்டு தொடங்குவதோ முஹர்ரமில். ஆக, ஒரு காலத்தின் தொடக்கம் தானாக வந்து நிற்பதில்லை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, இதுதான் தொடக்கம் என்று முடிவு செய்து எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

எழுதி வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நம் பேராக் மாநிலம் 2009-இல் நாடு முழுவதற்கும் காட்டியது. இந்தப் பொன்விழா மலரில் அந்த வரலாற்றைக் குறித்து வைக்க விரும்புகிறோம். எந்தக் கட்சியின் பக்கமும் நின்று எழுதவில்லை. அப்போது நாங்கள் ஈப்போவில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். இன்று முப்பதைத் தாண்டி, கடையும் குடும்பமுமாக இருக்கிறோம். அன்று வேடிக்கையாகத் தெரிந்தது இன்று வேறு விதமாகத் தெரிகிறது.

அமைதி என்ற பெயருள்ள ஊர்

நம் ஊரின் பெயருக்குச் சீன மொழியில் பேரமைதி என்று பொருள். அந்தப் பெயர் வந்த கதையிலும் ஒரு பதவி வழக்கு உண்டு. 1871-இல் சுல்தான் அலி மறைந்தபோது, ராஜா மூடாவாக இருந்த அப்துல்லா அரியணை ஏறவில்லை. ராஜா இஸ்மாயில் ஏறினார். பதவி தமக்கே வந்துவிட்டது என்று இருவர் கருதிய அந்த மூன்று ஆண்டுகளில், லாரூட் ஈயச் சுரங்கங்களில் கீ ஹின், ஹை சான் கூட்டத்தாரின் சண்டையும் ஓயவில்லை. 1874 ஜனவரி 20-இல் பங்கோரில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அப்துல்லா சுல்தானாக ஏற்கப்பட்டார். சண்டை ஓய்ந்த பிறகே சுரங்க ஊருக்குத் தைப்பிங் என்ற பெயர் நிலைத்தது. அந்த ஒப்பந்தத்தின் வழியாக ஆங்கிலேயர் உள்ளே நுழைந்ததும் வரலாறு. வீட்டில் முடிவாகாத வழக்கு அந்நியன் நுழையக் கதவைத் திறந்து வைக்கிறது.

மூன்று கடிகாரங்கள்

தேர்தலில் வென்ற ஒருவரின் தவணை எப்போது தொடங்குகிறது? மூன்று நேரங்களைச் சொல்லலாம்: வாக்கு எண்ணி முடிவு அறிவித்த நேரம், உறுதிமொழி எடுத்த நேரம், அவை முதலில் கூடிய நேரம். நம் கூட்டரசு அரசியல் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, நாடாளுமன்றத்தின் ஐந்து ஆண்டை அதன் முதல் கூட்டத்திலிருந்து கணக்கிடுகிறது. 2008 மார்ச் 8-இல் வாக்களித்தோம்; நாடாளுமன்றம் முதலில் கூடியது ஏப்ரல் 28-இல். ஐந்து ஆண்டுக் கணக்கு ஓடத் தொடங்கியது அன்றுதான். மாநிலச் சட்டமன்றங்களுக்கும் இதே முறைதான்.

ஆக, அவைக்குத் தொடக்கமும் உண்டு, முடிவும் உண்டு. மந்திரி பெசாருக்கு அப்படியில்லை. அவரை மக்கள் நேரடியாக அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுப்பதில்லை. அவையில் பெரும்பான்மையோரின் நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்று சுல்தான் கருதுகிறாரோ, அவரை நியமிக்கிறார். நம்பிக்கை வந்தால் தவணை தொடங்கும், நம்பிக்கை போனால் தவணை முடியும். நம்பிக்கை எந்த நேரத்தில் போனது என்பதை யார், எங்கே, எப்படி அளப்பது என்ற கேள்வியில்தான் பேராக் சிக்கிக்கொண்டது.

தேதி இல்லாத கடிதம்

2008 தேர்தலில் பேராக்கின் 59 தொகுதிகளில் பக்காத்தான் ராக்யாட் 31, பாரிசான் நேஷனல் 28 வென்றன. பக்காத்தானில் அதிக இடம் ஜனநாயகச் செயல் கட்சிக்கு. ஆனால் மாநிலச் சட்டப்படி மந்திரி பெசார் மலாய் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பதால், பாஸ் கட்சியின் முகமட் நிசார் ஜமாலுடின் மார்ச் 17-இல் பதவியேற்றார்.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மக்கள் நீதிக் கட்சியின் இரண்டு உறுப்பினர்கள் கட்சியை விட்டு விலகினார்கள். ஒருவர் பேராங் தொகுதிக்காரர். மற்றவர் நமக்குப் பக்கத்துத் தொகுதியான சங்காட் ஜெரிங்கின் உறுப்பினர். முன்னதாகவே அவர்களிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்த, தேதி இடாத பதவி விலகல் கடிதங்கள் இருந்தன. சட்டமன்றச் சபாநாயகர் வி. சிவகுமார் அவற்றை ஏற்று, இரு தொகுதிகளும் காலி என்று அறிவித்தார். நாங்கள் விலகவே இல்லை என்றார்கள் அந்த இருவரும். இடைத்தேர்தல் நடத்தத் தேர்தல் ஆணையம் மறுத்தது. தொகுதி காலியா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது தேர்தல் ஆணையமே என்று பிறகு கூட்டரசு நீதிமன்றமும் சொன்னது.

உமர் (ரலி) அவர்களின் முன் வந்த பத்திரத்துக்கும் இந்தக் கடிதங்களுக்கும் அதிக வித்தியாசமில்லை. கையெழுத்து இருந்தது, நாள் இல்லை. சங்காட் ஜெரிங் மக்களுக்குச் சட்டமன்ற உறுப்பினர் இருக்கிறாரா இல்லையா என்பதே சில வாரங்களுக்கு நீதிமன்றத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியாகிவிட்டது.

பிப்ரவரி 4-இல் ஜெலாப்பாங் உறுப்பினர் ஹீ யிட் ஃபோங்கும் ஜனநாயகச் செயல் கட்சியை விட்டு விலகினார். மூவரும் பாரிசானுக்கு ஆதரவு என்றதும் கணக்கு தலைகீழானது: பாரிசான் பக்கம் 31, பக்காத்தான் பக்கம் 28. நிசார் மாட்சிமை தங்கிய சுல்தான் அஸ்லான் ஷாவைச் சந்தித்து, சட்டமன்றத்தைக் கலைக்க இணங்குமாறு கேட்டுக்கொண்டார். 31 உறுப்பினர்களையும் நேரில் சந்தித்த பிறகு சுல்தான் அதற்கு இணங்கவில்லை. நிசாரும் ஆட்சிக்குழுவும் பதவி விலக வேண்டும், விலகாவிட்டால் அந்தப் பதவிகள் காலியானதாகக் கொள்ளப்படும் என்று பிப்ரவரி 5-இல் அரண்மனை அறிக்கை வந்தது. நிசார் விலகவில்லை. 6-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, கோலகங்சாரில் டாக்டர் ஸம்ரி அப்துல் காதிர் மந்திரி பெசாராக உறுதிமொழி எடுத்தார்.

அன்று மாலை பேராக்கில் மந்திரி பெசார் யார் என்ற கேள்விக்கு இரண்டு பதில் இருந்தது.

ஒரு நாற்காலி, இரண்டு பேர்

அதற்குப் பின் நடந்தவை பலருக்கும் நினைவிருக்கும். மார்ச் 3-இல் சட்டமன்றத்துக்குள் போக முடியாத உறுப்பினர்கள் ஈப்போவில் ஒரு மரத்தடியில் கூடி, நிசாருக்கு நம்பிக்கைத் தீர்மானம் போட்டார்கள். ஏப்ரல் 7-இல் புக்கிட் கந்தாங் நாடாளுமன்ற இடைத்தேர்தல் வந்தது. சங்காட் ஜெரிங்கும் கோலசெபெத்தாங்கும் அடங்கிய தொகுதி அது. தைப்பிங் சாப்பாட்டுக் கடைகளில் வேறு பேச்சே இல்லாத நாட்கள் அவை. நிசார் 2,789 வாக்கு வித்தியாசத்தில் வென்று நாடாளுமன்ற உறுப்பினரானார். அந்தப் பதவியில் யாருக்கும் சந்தேகமில்லை, ஏனென்றால் அதற்கு வாக்குப்பெட்டி இருந்தது. மந்திரி பெசார் வழக்கோ நீதிமன்றத்திலேயே கிடந்தது.

மே 7-இல் சட்டமன்றம் கூடியது. அன்று சபாநாயகர் நாற்காலிக்கும் இரண்டு பேர். சிவகுமாரை நீக்கும் தீர்மானம் நிறைவேறியதாக ஒரு தரப்பு அறிவித்து, ஆர். கணேசனைத் தேர்ந்தெடுத்தது. தாம் இன்னும் சபாநாயகர்தான் என்று எழ மறுத்த சிவகுமார், நாற்காலியோடு சேர்த்து வெளியே இழுத்துச் செல்லப்பட்டார். இருவரும் தமிழர்கள். உரையாற்ற வந்திருந்த ராஜா நஸ்ரின் ஷா அவை அடங்கப் பல மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. விடுதித் தொலைக்காட்சியில் அதைப் பார்த்த எங்களில் சிலர் சிரித்தோம். பக்கத்தில் இருந்த வயதான பாதுகாவலர் ஒருவர், "சிரிக்காதீங்க தம்பி, நம்ம வீடுதான் அது" என்றார். அந்தச் சொல் இன்றும் காதில் நிற்கிறது.

நீதிமன்றம் சொன்னவை

வழக்கின் மையம் பேராக் அரசியல் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, 6-ஆவது உட்பிரிவு. பெரும்பான்மையின் நம்பிக்கையை இழந்த மந்திரி பெசார், தம் வேண்டுகோளின்பேரில் சட்டமன்றம் கலைக்கப்பட்டால் ஒழிய, ஆட்சிக்குழுவின் பதவி விலகலைச் சமர்ப்பிக்க வேண்டும் என்கிறது அது. நம்பிக்கை இழந்ததை எப்படி உறுதி செய்வது என்று அதில் இல்லை. விலக மறுத்தால் என்ன என்றும் இல்லை.

மே 11-இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்ற நீதிபதி அப்துல் அஸிஸ் அப்துல் ரஹிம், நிசாரே சட்டப்படியான மந்திரி பெசார் என்று தீர்ப்பளித்தார். நம்பிக்கை போனதை அவையில் வாக்கெடுத்துத்தான் காட்ட வேண்டும் என்பது அவர் எடுத்த நிலை. 1966-இல் சரவாக் முதலமைச்சர் ஸ்டீபன் கலோங் நிங்கான் நீக்கப்பட்டபோது அங்குள்ள நீதிமன்றம் அதையே சொல்லியிருந்தது. அன்று நிங்கானுக்கு எதிராக உறுப்பினர்கள் கையெழுத்திட்ட கடிதம் போதாது என்று ஆனது.

மறுநாளே அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை விதித்தது. மே 22-இல் அதை மாற்றியும் எழுதியது. 2010 பிப்ரவரி 9-இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, ஸம்ரியே மந்திரி பெசார் என்று முடித்து வைத்தார்கள். நம்பிக்கை இழப்பை அவை வாக்கெடுப்பால் மட்டுமல்ல, வேறு சான்றுகளாலும் அறியலாம். இழந்தவர் விலகியே ஆக வேண்டும். மறுத்தாலும் பதவி காலியானதாகவே கொள்ளப்படும் என்பது தீர்ப்பின் சாரம்.

பாருங்கள், எல்லா நீதிபதிகளும் படித்தது ஒரே சட்டத்தின் அதே சில வரிகளைத்தான். ஒரு தீர்ப்பின்படி நிசாரின் தவணை முடியவே இல்லை, ஆகவே ஸம்ரியின் தவணை தொடங்கவே இல்லை. இன்னொரு தீர்ப்பின்படி இரண்டும் பிப்ரவரி தொடக்கத்திலேயே நடந்து முடிந்துவிட்டன. ஸம்ரி உறுதிமொழி எடுத்த நாளிலிருந்து இறுதித் தீர்ப்பு வரை எண்ணினால் 368 நாள். ஒரு வருடத்துக்கும் மேல், சொந்த மாநிலத்தின் தலைவர் யார் என்பதை நாம் சந்தேகக் குறியோடுதான் சொன்னோம்.

இது பெரிய மனிதர்களின் வழக்கு, நமக்கென்ன என்று கேட்கலாம். கடை உரிமம், பெயர்ப்பலகை, நடைபாதை எல்லாம் தைப்பிங் நகராண்மைக் கழகத்தின் கையில். நகராண்மைக் கழக உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 1976 உள்ளாட்சிச் சட்டப்படி மாநில அரசு நியமிக்கிறது. மேலே யார் அரசு என்பது ஆடினால், கீழே நம் மனுவைப் பார்ப்பவர் வரை அந்த ஆட்டம் இறங்கி வரும்.

மற்ற ஊர்களில்

அதே 2009 ஜனவரி 20-இல் அமெரிக்காவில் பராக் ஒபாமா பதவியேற்றார். உறுதிமொழியைச் சொல்லிக்கொடுத்த தலைமை நீதிபதி சொற்களை முன்பின்னாக்கிவிட, மறுநாள் வெள்ளை மாளிகையில் மீண்டும் ஒருமுறை எடுத்தார்கள். ஆனால் இடைப்பட்ட அந்த ஒரு நாளில் அங்கே இரண்டு அதிபர்கள் தோன்றவில்லை. ஜனவரி 20 நண்பகல் 12 மணிக்குப் பழைய அதிபரின் தவணை முடிந்து புதியவருடையது தொடங்கும் என்று அவர்கள் சட்டத்திலேயே நேரம் குறித்து வைத்திருக்கிறார்கள். நாக்கு தடுமாறினாலும் கடிகாரம் தடுமாறவில்லை.

தமிழ்நாட்டில் 2001 மே 14-இல் ஜெயலலிதா முதலமைச்சரானார். தண்டனை பெற்றிருந்ததால் அவர் அந்தத் தேர்தலில் போட்டியிடவே முடியாதிருந்தார். செப்டம்பர் 21-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த நியமனம் செல்லாது என்றது. ஆனால் அந்த நான்கு மாதத்தில் அவரும் அவர் அரசும் முறைப்படி செய்த வேலைகள் அந்தக் காரணத்தால் மட்டும் பாதிக்கப்படா என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. நாற்காலியில் இருந்தவரின் உரிமை விழுந்தாலும், அந்த நாற்காலியை நம்பிய மக்களின் காரியம் விழக்கூடாது என்ற நியாயம் அது.

நம் மாநிலமும் பிறகு பாடம் கற்றது. 2020 டிசம்பர் 4-இல் மந்திரி பெசார் அகமட் ஃபைசால் அஸுமு மீது அதே ஈப்போ சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 10, எதிர்ப்பு 48. யாரும் நாற்காலியோடு இழுக்கப்படவில்லை. ஆறு நாளில் சாராணி முகமட் பதவியேற்றார். 2022-இல் நாடாளுமன்றம் கட்சித்தாவல் தடைச் சட்டத்தையும் நிறைவேற்றியது. தேதியில்லாத கடிதம் வாங்கி வைக்கும் பழக்கத்துக்கு இனித் தேவை குறையும் என்று நம்பலாம்.

நம் வீட்டுக் கணக்கு

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் நம் சங்கத்திலேயே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் புதிய நிர்வாகம் தேர்வானது. பழைய பொருளாளர் எழுந்து முஸாஃபஹா செய்து வாழ்த்திவிட்டு வீட்டுக்குப் போனார். சண்டை ஏதும் இல்லை. ஆனால் வங்கியில் கையெழுத்து பழையவர்களுடையது. சங்கப் பதிவகத்தின் பதிவில் புதிய பெயர்கள் ஏறிய தாளைக் கொண்டுவந்தால்தான் மாற்ற முடியும் என்றது வங்கி. பழையவர்களைக் கேட்டால், எங்கள் தவணை முடிந்துவிட்டது, இனிக் கையெழுத்திட்டால் அமானிதத்துக்கு மோசம் செய்தவர்கள் ஆவோம் என்றார்கள். புதியவர்கள் கையெழுத்திட முடியாது. இரு பக்கமும் நேர்மைக்குப் பயந்தவர்கள்தான். அதனாலேயே காசோலை நகரவில்லை.

அந்த இடைவெளியில் நம் உறுப்பினர் ஒருவர் வஃபாத்தானார். ஜனாஸா உதவி நிதிக்கு இருபது வருடத்துக்கு மேல் மாதம் தவறாமல் சந்தா கட்டியவர். அன்றிரவு நாலைந்து கடைகளின் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்து அடக்கம் முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நிதியிலிருந்து குடும்பத்துக்குச் சேர வேண்டிய தொகை போய்ச் சேர ஏழு வாரமானது. அவர் மகன் இரண்டு முறை கடைக்கு வந்தான். பள்ளி முடித்த பிள்ளை. முதல் முறை கேட்டான். இரண்டாம் முறை கேட்கவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, "பரவால்ல நானா, வந்ததும் சொல்லுங்க" என்று எழுந்து போனான். கடனாளியைப் போல நின்றோம். அந்தப் பணம் அவன் வாப்பாவின் பணம்.

பேராக்கில் 368 நாள், நமக்கு ஏழு வாரம். அளவு வேறாக இருக்கலாம், நோய் ஒன்றே. நம் சங்க விதியில் நிர்வாகத்தின் தவணை இரண்டு ஆண்டு என்று இருக்கிறது. எந்த நேரத்திலிருந்து என்று இல்லை.

ஆகவே இந்த மலரின் வழியாகப் பெரியவர்களிடமும் உறுப்பினர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். அடுத்த பொதுக்கூட்டத்தில் மூன்று வரிகளைச் சேர்ப்போம். ஒன்று, தேர்தல் முடிவு அறிவிக்கப்பட்டு, கூட்டம் முடிந்தது என்று தலைவர் சொல்லும் நேரத்தில் புதிய தவணை தொடங்கும். அந்த நேரம் கூட்டக் குறிப்பில் மணி நிமிடத்தோடு எழுதப்படும். இரண்டு, வங்கிக் கையெழுத்து மாறும் வரை, புதிய நிர்வாகம் எழுதிக் கொடுக்கும் உத்தரவின்பேரில் பழைய பொருளாளரே கையெழுத்திடுவார். அது அமானிதத்தை மீறியதாகாது, நிறைவேற்றியதாகும். மூன்று, யார் வந்தாலும் போனாலும் ஜனாஸா நிதி ஒரு நாளும் நிற்காது. திருத்தத்துக்குப் பதிவதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அதற்கான மனுவைத் தயாரிக்கும் வேலையை இளையவர்கள் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தைத் தொடங்கியவர்கள் ஒருவரை ஒருவர் நம்பினார்கள். ஒரு கோப்பை தேநீரில் முடிவு எடுத்தார்கள். எழுதத் தேவை இருக்கவில்லை. அவர்களில் பலர் இன்று இல்லை. அல்லாஹ் அவர்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக. அவர்கள் விட்டுச்சென்ற நம்பிக்கையை அடுத்த ஐம்பது ஆண்டுக்குக் கொண்டுபோக, இனி அதை எழுதியும் வைக்க வேண்டியிருக்கிறது. எழுதும் நாளன்று தேதியிட மறக்க வேண்டாம்.

வஸ்ஸலாம்.